மூன்று மணி நேரம் நின்ற கிறிஸ்டினா

லண்டன் நேஷனல் கேலரியில் ஓக் பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய ஒரு படம் இருக்கிறது. உயரம் 179 செ.மீ., அகலம் 82 செ.மீ.க்குச் சற்றே கூடுதல். ஏறத்தாழ ஆள் உயரத்துக்கு ஓர் இளம்பெண் நம்மை நேருக்கு நேர் பார்த்தபடி நிற்கிறார். கழுத்திலிருந்து தரைவரை கறுப்புப் பட்டு. மேலங்கியின் விளிம்பில் பழுப்பு நிற மென்மயிர். முடி முழுவதையும் மூடிய கறுப்புத் தொப்பி. முகத்திலும் கைகளிலும் மட்டும்தான் வெளிச்சம். கழுத்தில் நகை இல்லை, காதில் இல்லை. விரலில் சிவப்புக் கல் பதித்த ஒரே ஒரு மோதிரம். கழற்றிய கையுறைகளைக் கையில் பிடித்திருக்கிறார். பின்னால் நீலமும் பச்சையும் கலந்த வெறும் சுவர், அதில் அவருடைய நிழல்.

அவர் பெயர் கிறிஸ்டினா. டென்மார்க் அரசரின் மகள், மிலான் பிரபுவின் விதவை. படத்துக்காக நின்றபோது வயது 16. வரைந்தவர் ஹான்ஸ் ஹோல்பைன். வரையச் சொன்னவர் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, வயது 46. இது பெண் கேட்டு வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போன படம். கல்யாணம் நடக்கவில்லை. படம் மட்டும் மன்னரிடமே தங்கிவிட்டது.

மறுமலர்ச்சிக் காலத்து ராஜகுடும்பங்களில் சம்பந்தம் பேசும்போது ஓவியருக்கு ஒரு முக்கியமான வேலை இருந்தது. மணமகன் ஒரு நாட்டில், மணமகள் இன்னொரு நாட்டில். பல சமயம் மாப்பிள்ளைக்குப் பதிலாக ஒரு தூதர் நின்று சடங்கை முடித்துவிடுவார். அதற்கு முன் பெண் எப்படி இருப்பாள் என்று தெரிய வேண்டுமென்றால் ஓவியரைத்தான் அனுப்ப வேண்டும். 1428ல் பர்கண்டிப் பிரபு பிலிப், போர்ச்சுகல் இளவரசி இசபெல்லாவைக் கேட்டு அனுப்பிய தூதுக்குழுவோடு ஓவியர் யான் வான் ஐக் போனார். மறு ஆண்டு அவர் வரைந்த படங்களில் ஒன்றைக் கடல் வழியாகவும் இன்னொன்றைத் தரை வழியாகவும் அனுப்பினார்கள். வழியில் ஒன்று தொலைந்தாலும் மற்றது போய்ச் சேரட்டும் என்ற ஏற்பாடு. அவ்வளவு அவசியமான ஆவணமாக அதை நினைத்திருக்கிறார்கள். இன்று அந்த இரண்டும் இல்லை.

கிறிஸ்டினாவின் கதையைச் சற்றுப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கறுப்பு உடை புரியாது.

1521ல் பிறந்தார். தந்தை இரண்டாம் கிறிஸ்டியன் 1523ல் அரியணையை இழந்து குடும்பத்தோடு நெதர்லாந்துக்கு ஓடினார். தாய் இசபெல்லா புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தங்கை, 1526ல் இறந்துவிட்டார். தந்தை நாட்டை மீட்கப் போய் 1532ல் சிறைப்பட்டார். 1559ல் சாகும்வரை வெளியே வரவில்லை. அவர் சிறைப்பட்ட அதே ஆண்டில் கிறிஸ்டினாவின் அண்ணனும் இறந்தான். தாயில்லாப் பிள்ளைகளை முதலில் வளர்த்தவர், நெதர்லாந்தை ஆண்டுவந்த ஆஸ்திரியாவின் மார்கரெட். அவர் 1530ல் இறந்தபின் பொறுப்பு ஹங்கேரி ராணி மேரியிடம் வந்தது. மேரி சார்லஸின் தங்கை, கிறிஸ்டினாவுக்குச் சித்தி.

1533ல், கிறிஸ்டினாவுக்குப் 11 வயதாக இருக்கும்போது, சார்லஸ் அவரை மிலான் பிரபு இரண்டாம் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸாவுக்குக் கொடுக்க முடிவு செய்தார். மாப்பிள்ளை 1495ல் பிறந்தவர், நோயாளி. இவள் இன்னும் குழந்தை, இது முறையில்லை என்று மேரி அண்ணனுக்கு எழுதிப் பார்த்தார். சார்லஸுக்கு மிலான் தேவைப்பட்டது. 1534ல் சிறுமி மிலானுக்குள் ஊர்வலமாக நுழைந்தார். 1535ன் இலையுதிர்காலத்தில் பிரான்செஸ்கோ இறந்தார். 14 வயது நிறைவதற்குள் விதவை. மிலான் பேரரசரின் கைக்குப் போனது, கிறிஸ்டினா 1537 கடைசியில் பிரஸ்ஸல்ஸுக்குச் சித்தியிடம் திரும்பி வந்தார்.

அதே 1537ன் அக்டோபர் 24 அன்று லண்டனில் ஹென்றியின் மூன்றாவது மனைவி ஜேன் சீமோர் இறந்தார். மகன் பிறந்து 12 நாள்தான் ஆகியிருந்தது. சில வாரங்களிலேயே அமைச்சர் தாமஸ் குரோம்வெல் வெளிநாட்டுத் தூதர்களுக்கு ஓலை அனுப்பிவிட்டார், பெண் பாருங்கள் என்று. பிரஸ்ஸல்ஸில் இருந்த ஜான் ஹட்டன் டிசம்பர் 4 அன்று எழுதிய பதில் இன்றும் இருக்கிறது. பெண்களிடையே தனக்கு அவ்வளவு பழக்கமில்லை, அதனால் இந்த வேலை மிகவும் கடினம் என்று தொடங்கிவிட்டு, தெரிந்த பெயர்களை அடுக்குகிறார். கிளீவ்ஸ் பிரபுவுக்கு ஒரு மகள் உண்டு, ஆனால் அவளுடைய தோற்றத்தையோ அழகையோ யாரும் பெரிதாகப் புகழக் கேட்டதில்லை என்று ஒரு வரி அதில் வருகிறது. அந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில நாள் கழித்து கிறிஸ்டினாவை நேரில் பார்த்த ஹட்டன் உற்சாகமாகிவிட்டார். நல்ல உயரம். இத்தாலிய முறையில் துக்க உடை உடுத்தியிருக்கிறார். மென்மையாகப் பேசுகிறார், பேச்சில் லேசான மழலை இருக்கிறது, அதுவும் அவருக்கு அழகாகத்தான் இருக்கிறது. சிரித்தால் இரண்டு கன்னத்திலும் குழி விழுகிறது, மோவாயில் ஒன்று. இப்படி நுணுக்கமாக எழுதி அனுப்பினார்.

ஹென்றிக்கு எழுத்து போதவில்லை. அவருக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். அதே 1538ல் பிரெஞ்சுப் பெண்களையும் அவர் விசாரித்தார். சிலரைக் கலே துறைமுகத்துக்கு வரவழைத்தால் தானே வந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பதாகச் சொன்னார். விற்பனைக் குதிரைகளைப்போல நல்ல குடும்பத்துப் பெண்களை வரிசையில் நிறுத்திக் காட்டுவது எங்கள் வழக்கமில்லை என்று பிரெஞ்சு மன்னரிடமிருந்து பதில் வந்தது. சரியான பதில். ஓவியரை அனுப்புவது ஏன் கௌரவமான வழியாக இருந்தது என்பதும் இதில் தெரிகிறது. பெண்ணும் அவமானப்பட வேண்டாம், மன்னரும் பார்த்த மாதிரி ஆகும்.

1538 மார்ச் 10 அன்று மன்னரின் அந்தரங்கப் பணியாளர் பிலிப் ஹோபியும் ஹோல்பைனும் பிரஸ்ஸல்ஸ் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் ஹட்டன் வேறொரு ஓவியரின் படத்தை வாங்கி லண்டனுக்கு அனுப்பியிருந்தார். ஹோல்பைன் வந்துவிட்டார் என்றதும் அதை வழியிலேயே நிறுத்த ஆள் அனுப்பினார். மார்ச் 12, மதியம் ஒரு மணி. கிறிஸ்டினா வந்து நின்றார். நான்கு மணிக்கு முடிந்துவிட்டது. கிடைத்தது மூன்று மணி நேரம்தான், ஆனால் அதற்குள் ஹோல்பைன் தன் கலையில் எப்பேர்ப்பட்ட ஆசான் என்று காட்டிவிட்டார், படம் அப்படியே அச்சாக இருக்கிறது, முந்தைய படம் இதன் முன்னால் வெறும் கிறுக்கல் என்ற பொருளில் ஹட்டன் எழுதினார்.

மூன்று மணி நேரத்தில் இந்தப் பெரிய பலகை முடிந்திருக்க முடியாது. ஹோல்பைன் வேலை செய்யும் விதம் நமக்குத் தெரியும். இங்கிலாந்து அரச சேகரிப்பில் அவருடைய கோட்டோவியங்கள் 80 போல விண்ட்சரில் இருக்கின்றன. இளஞ்சிவப்புப் பூச்சுப் பூசிய தாளில் கறுப்பு, வண்ணச் சாக்குகளால் முகத்தை வரைவார். உடைக்கு நேரம் செலவழிக்க மாட்டார். நாலு கோடு போட்டு, பக்கத்தில் ஜெர்மன் மொழியில் இது பட்டு, இது வெல்வெட் என்று குறித்துக்கொள்வார். அப்புறம் பட்டறைக்குப் போய் அந்தக் கோட்டைப் பலகைக்கு மாற்றி, நிதானமாக வண்ணம் ஏற்றுவார். கிறிஸ்டினாவின் கோட்டோவியம் கிடைக்கவில்லை. ஆனால் மார்ச் 18க்குள் அவர் லண்டன் திரும்பி மன்னரிடம் காட்டியது அப்படிப்பட்ட ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி படத்தைப் பாருங்கள். முகமும் கைகளும் கிட்டப் போய்ப் பார்த்தது. மற்றதெல்லாம் நினைவிலும் குறிப்பிலும் இருந்து வந்தது. உடை கறுப்பாக இருந்தது ஓவியருக்கு உதவியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பூவேலையும் முத்தும் ரத்தினமும் நிறைந்த உடையாக இருந்தால் மூன்று மணி நேரத்தில் பாதி அவற்றைக் குறித்துக்கொள்வதிலேயே போயிருக்கும். துக்க உடையில் குறித்துக்கொள்ள ஒன்றுமில்லை, மடிப்புகளைத் தவிர. கிடைத்த நேரம் முழுவதும் அந்தப் பெண்ணுக்கே கிடைத்தது.

இதற்கு நேர் எதிரான படம் வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது: பியாங்கா மரியா ஸ்ஃபோர்ஸா, வரைந்தவர் அம்புரோஜியோ தே பிரெதிஸ், 1493 வாக்கில். கிறிஸ்டினா எந்த மிலான் குடும்பத்துக்கு மருமகளாகப் போனாரோ, அதே குடும்பத்துப் பெண். இவரை மணந்த பேரரசர் மாக்ஸிமிலியன் கிறிஸ்டினாவின் கொள்ளுத்தாத்தா. பியாங்கா மரியா பக்கவாட்டில் திரும்பி இருக்கிறார், நாணயத்தில் பொறித்த தலைபோல. கூந்தலில் முத்து வலை, நெற்றியோரம் பதக்கம், கழுத்தில் ரத்தினம், இடுப்பில் இன்னும் முத்து. கச்சையில் ஒரு கார்னேஷன் பூவைச் செருகியிருக்கிறார். நிச்சயத்தையும் மணத்தையும் குறிக்கும் பூ அது. அவரோடு போன சீதனம் 4 லட்சம் டுகாட் பொற்காசு. அந்தப் படத்தைப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும் என்று தோன்றுகிறது. அவர் கண் மட்டும் நம் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்குச் சந்தோஷமா, பயமா, தெரிந்துகொள்ள அந்தப் படத்தில் வழி இல்லை. மாக்ஸிமிலியன் அவரைப் பெரும்பாலும் தனியே விட்டுவைத்தார் என்பதை அறிந்து பார்க்கும்போது அந்த முத்துக்கள் இன்னும் கனமாகத் தெரிகின்றன.

இரண்டு படங்களுக்கும் வேறுபாடு ஓவியரின் திறமையில் மட்டும் இல்லை. பியாங்கா மரியாவின் படம் பெண் வீட்டின் பெருமையைச் சொல்கிறது, வீடுதான் அதில் அமர்ந்திருக்கிறது. கிறிஸ்டினாவின் படம் மாப்பிள்ளை வீட்டார் கேட்ட கேள்விக்குப் பதில். எவ்வளவு உயரம்? நிற்கும் விதம் எப்படி? கை எப்படி? முகம் எப்படி? அதற்காகத்தான் முழு உருவம், நேர்ப்பார்வை, வெறும் சுவர். ஒரு மனிதரைச் சோதித்துப் பார்க்கிற பார்வை அது, மென்மையான பார்வை கிடையாது. ஆனால் நேராக வரையச் சொன்னால் கண்ணையும் வரைந்தாக வேண்டும். கண்ணை வரைந்துவிட்டால் அது திரும்பப் பார்க்கும். கிறிஸ்டினா பார்க்கிறார். உதடு சிரிப்புக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கிறது. ஹட்டன் எழுதிய கன்னக்குழிகள் படத்தில் இல்லை; அவை வருமோ என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது.

படம் பார்த்த ஹென்றிக்குத் தலைகால் புரியவில்லை. பேரரசரின் தூதர் சாப்வி எழுதியபடி, மன்னர் என்றுமில்லாத உற்சாகத்தில் நாள் முழுக்க இசைக்கலைஞர்களை வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெண் வீட்டில் அவ்வளவு உற்சாகம் இல்லை. கிறிஸ்டினாவின் பாட்டியும், ஹென்றி தள்ளிவைத்த முதல் மனைவி கேதரினும் உடன்பிறந்தவர்கள். அதனால் இந்தக் கல்யாணத்துக்குத் திருச்சபையின் விதிவிலக்கு வேண்டும். யாருடைய விதிவிலக்கு? பேரரசர் தரப்புக்குப் போப்பாண்டவரின் விதிவிலக்கைத் தவிர வேறெதுவும் செல்லாது. ஹென்றியோ போப்பின் அதிகாரத்தையே மறுத்தவர். 1538 டிசம்பரில் ஹென்றியைத் திருச்சபையிலிருந்து நீக்கும் ஆணையும் வெளிவந்தது. அடுத்த மாதம் பேரரசரும் பிரெஞ்சு மன்னரும் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஹென்றியின் உறவு சார்லஸுக்கு இனித் தேவைப்படவில்லை. பேச்சு அப்படியே தேய்ந்துபோனது.

'எனக்கு இரண்டு தலை இருந்தால் ஒன்றை இங்கிலாந்து மன்னருக்குக் கொடுத்திருப்பேன்' என்று கிறிஸ்டினா சொன்னதாக ஒரு பேச்சு உலகெங்கும் சுற்றுகிறது. அவர் வாழ்ந்த காலத்துப் பதிவு எதிலும் அது இல்லை, பிற்காலத்தில் சேர்ந்துகொண்டது. எனக்கு அதைவிடப் பிடித்தது 1539 தொடக்கத்தில் நடந்த ஒரு சந்திப்பு. ஆங்கிலத் தூதர் தாமஸ் ரைத்ஸ்லி நேரில் போய் அவர் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். என் விருப்பத்தைப் பற்றி நான் என்ன சொல்ல, பேரரசர் சொல்கிறபடி நடப்பவள் நான் என்றார் கிறிஸ்டினா. தூதர் விடவில்லை. எங்கள் மன்னரைப்போல மென்மையானவர் உலகத்தில் கிடையாது, அவர் வாயிலிருந்து கோபமான சொல் வந்து யாரும் அதிகம் கேட்டதில்லை என்று புகழ்ந்தார். இரண்டாவது மனைவியின் தலை போய் மூன்று வருடம்கூட ஆகவில்லை. கிறிஸ்டினா புன்னகைத்தார், தன் கண்ணியம் தடுத்திருக்காவிட்டால் வாய்விட்டே சிரித்திருப்பார் என்று தோன்றியது என அந்தத் தூதரே எழுதிவைத்திருக்கிறார். படத்தில் உதட்டோரம் நிற்கிறதே, அந்தச் சிரிப்புத்தான் அது என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை.

கிறிஸ்டினாவின் குடும்பத்துக்குப் படம் பார்த்து மறுப்பது புதிதும் இல்லை. 1505ல் ஹென்றியின் தந்தை ஏழாம் ஹென்றி, மனைவியை இழந்த நிலையில், ஆஸ்திரியாவின் மார்கரெட்டை மணக்க விரும்பினார். அப்போது ஏழாம் ஹென்றியை வரைந்த படம் இன்று லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் 29 என்று தேதியே எழுதியிருக்கிறது. ஆணின் படமும் இப்படிப் போகும். மார்கரெட் மறுத்துவிட்டார், படத்தை வைத்துக்கொண்டார். அந்த மார்கரெட்தான் கிறிஸ்டினாவை ஒன்பது வயதுவரை வளர்த்தவர். ஹங்கேரி மேரியும் இந்த வித்தையை அறிந்தவர்: 1553ல் இங்கிலாந்து ராணி மேரிக்கு, மணமகனாக வரப்போகும் ஸ்பெயின் இளவரசர் பிலிப்பின் படத்தை அனுப்பினார். தீட்டியவர் தீஷியன். கிட்ட நின்று பார்க்காதீர்கள், தள்ளி நின்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள் என்று குறிப்பும் அனுப்பினார். ஆளே வந்து சேர்ந்ததும் படத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பதும் நிபந்தனை.

கிறிஸ்டினா கைநழுவியதும் ஹோல்பைனின் பயணம் நிற்கவில்லை. 1539 கோடையில் அவர் டூரன் நகரத்துக்குப் போய் கிளீவ்ஸ் பிரபுவின் குடும்பத்துப் பெண்ணான ஆன் என்பவரை வரைந்தார். ஆமாம், ஹட்டன் முதல் கடிதத்தில் ஒரு வரியில் தள்ளிவிட்ட அதே பெண். இன்று பாரிஸ் லூவ்ரில் இருக்கும் அந்தப் படம் சிறியது, தோல்தாளில் தீட்டியது. நகையும் சித்திரவேலையும் அடர்ந்த சிவப்பு உடையில் ஆன் நேராகப் பார்க்கிறார். 1540 ஜனவரியில் கல்யாணம், ஜூலையில் ரத்து. ஓவியர் பொய் சொல்லி மன்னரை ஏமாற்றிவிட்டார் என்று இன்றுவரை கதை சொல்கிறார்கள். நம்பத் தகுந்ததாக இல்லை. படம் உயிரோடு இருப்பதுபோல இருக்கிறது என்று அங்கிருந்த ஆங்கிலத் தூதர் எழுதியிருந்தார். ஹென்றியும் வாயால் புகழ்ந்தவர்கள்மேல்தான் கோபப்பட்டார். தலையை இழந்தது சம்பந்தத்தை முடித்த குரோம்வெல். ஹோல்பைன் 1543ல் இறக்கும்வரை லண்டனில் வேலை பார்த்தார்.

கிறிஸ்டினா 1541ல் பார் பிரபு பிரான்சிஸை மணந்தார். அவர் லொரேன் பிரபுவாகி ஓராண்டு கழித்து, 1545ல், இறந்துபோனார். 23 வயதில் மீண்டும் கறுப்பு உடை. ஆனால் இந்த முறை மகனுக்காக லொரேனை ஆளும் பொறுப்பு கையில் இருந்தது. 1552ல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி படையோடு வந்து அதைப் பறித்தார், சிறுவனையும் பிரான்சுக்குக் கொண்டுபோனார். 1558-59ல் பிரான்சும் ஸ்பெயினும் சமாதானம் பேச உட்கார்ந்தபோது இரு தரப்புக்கும் நடுவே நின்று பேச்சை நகர்த்தியவர் கிறிஸ்டினா. அது கதோ-காம்ப்ரெசி உடன்படிக்கையில் முடிந்தது. கடைசிக் காலத்தை இத்தாலியில் தொர்தோனாவில் கழித்து 1590ல் இறந்தார். பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் நினைவில் கன்னக்குழியாக மட்டும் நின்றவர், 52 வருடம் கழித்து இப்படிப்பட்ட ஒரு வாழ்க்கையை முடித்திருந்தார்.

படம் ஹென்றியின் சேகரிப்பிலிருந்து அரண்டல் பிரபு குடும்பத்துக்குப் போய், பல தலைமுறை கடந்து நார்ஃபக் பிரபுக்களிடம் வந்தது. 1880 முதல் இரவலாக நேஷனல் கேலரியில் தொங்கியது. பார்க்க வந்தவர்கள் அது நாட்டின் சொத்து என்றே நினைத்துவிட்டார்கள். 1909ல் பிரபு அதை விற்க, ஒரு வணிக நிறுவனம் வாங்கி 72,000 பவுண்டு விலை வைத்தது. அமெரிக்காவுக்குப் போய்விடும் நிலை. தேசியக் கலைச் சேகரிப்பு நிதியத்தார் நன்கொடை திரட்டினார்கள், கெடு நெருங்கியும் பணம் பாதிகூடச் சேரவில்லை. அப்போது ஜெர்மனியில் ஒரு நீரூற்று நகரத்தில் தங்கியிருந்த ஒரு பெண்மணி 40,000 பவுண்டு கொடுத்தார். தன் பெயரை வெளியிடக் கூடாது என்பதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்கவில்லை.